மூலை செல்லின் ஒரே பிழை

அந்தக் கட்டடத்தில் பிழைகளுக்கென்று தனி மாடி இருந்தது. நான்காவது மாடி. மற்ற மாடிகளில் மனிதர்கள் இருந்ததால் மின்விசிறி போட்டிருந்தார்கள். நான்காவதில் பிழைகள் இருந்ததால் குளிர்சாதனம். படியேறி அங்கே போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சத்தம் போட்டுப் பேசக் கூடாது. பிழைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் நிர்வாகம் அவ்வளவு கவனமாக இருந்தது.

அது சிப் வரையும் நிறுவனம். நகத்தின் பாதி அளவுள்ள ஒரு சிப்பின் வரைபடம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பெட்டிகளால் ஆனது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் செல் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைதோறும் சோதனை எந்திரம் ஒன்று அந்த வரைபடம் முழுவதையும் மேய்ந்து, எங்கெங்கே இரண்டு கம்பிகள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று எழுதி வைக்கும். அப்படி எழுதியது எல்லாம் சேரும் இடம்தான் நான்காவது மாடியின் அறிக்கைக் களஞ்சியம்.

முன்பெல்லாம் களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றிருந்தது. அதில் ஒரு சங்கடம் ஏற்பட்டது. பார்த்தவர்கள் பிழைகளைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை குறைந்தது, களஞ்சியம் இளைத்தது, துறைக்கு இத்தனை பேர் எதற்கு என்று மேலிடத்தில் கேள்வி எழுந்தது. அதன் பிறகு, மனிதக் கண் படாமல், முறையாக அனுமதி பெற்ற ஸ்கிரிப்ட் மூலமாக மட்டுமே ஒரு செல்லை அணுகலாம் என்று விதி வந்தது. ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைச் சீட்டு. உங்கள் சார்பில் அது உள்ளே போகும், செல்லிடம் கேள்வி கேட்கும், பதிலோடு திரும்பி வரும். நீங்கள் வாசலில் நிற்கலாம்.

இரண்டாவது மாடியில் வரைவாளர் ஒருவர் இருந்தார். இருபத்திரண்டு வருடமாகக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையே பார்த்துப் பார்த்து, அவருக்கு 'இடைவெளி சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகவில்லை. மதியச் சாப்பாட்டைப் படிக்கட்டுத் திருப்பத்தில் உள்ள ஜன்னலோரம் தனியாகச் சாப்பிடுவார். வீட்டில் ஒரே ஒரு ஆள், அவருடைய அக்கா.

அக்காவுக்குக் காது போய் ஒன்பது வருடம் ஆகிறது. காது மெஷின் ஒன்று மருத்துவமனையில் கொடுத்தார்கள். அதைப் போட்ட அன்றே அக்கா சொன்னாள்: "தம்பி, இதுக்குள்ள யாரோ உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டே இருக்காங்க. நீ பேசறது அதுக்குப் பின்னாடி எங்கேயோ கேக்குது." ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள். அதன் பிறகு இருவரும் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டார்கள். தாளில் என்னதான் எழுத முடியும்? 'பால் வாங்கியாச்சா', 'மாத்திரை சாப்பிட்டியா'. மற்றதையெல்லாம் இடைவெளி சார் பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அன்று அலுவலகத்தில் நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அதற்கு இவர் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்று எல்லாமே. குழாய்த் தண்ணீர் 'உம்' கொட்டும்.

அந்தக் காது மெஷினுக்குள் இருந்த சிப் இவர்கள் நிறுவனத்தில் வரைந்ததுதான். இப்போது அதே சிப்பின் புதிய வரைபடம் தயாராகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆலைக்குப் போகிறது. போய்விட்டால் போனதுதான், லட்சக்கணக்கில் அச்சாகிவிடும். புதிய மெஷினுக்கான மருத்துவமனைப் பட்டியலில் அக்காவின் பெயர் பன்னிரண்டாவதாக இருந்தது. "இதுவும் உஸ்ஸுன்னா, அதுவும் இழுப்பறைக்குத்தான். அப்புறம் என்னைத் தொந்தரவு பண்ணாதே" என்று அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் வரும் சுருக்கத் தாளில் அதுவரை கவனிக்காத ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. 'செல்: மூலை. பிழை: 1.' ஒலியைப் பெருக்கும் பகுதியின் ஓரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு செல் அது. பத்து வருடத்துக்கு முன் அவரே வரைந்தது. அங்கே நெருங்கி நிற்கும் கம்பிகளில் ஒன்றின் மின்சாரம் மற்றதில் கசிவதால்தான் அந்த உஸ் சத்தம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் மூலை செல்லுக்குள் மூவாயிரம் கம்பிகள். எந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே என்று களஞ்சியம் சொன்னால் ஒழிய, கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆகும்.

அவர் நான்காவது மாடிக்கு ஏறினார்.

விண்ணப்பக் கவுன்டரில் ஓர் அம்மா இருந்தார். பதிவாளரம்மா என்பார்கள். இவரும் அவரும் பதினோரு வருடமாக ஒரே ஜன்னலோரத்தில், இரண்டு முனையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். இதுவரை பேசியதில்லை.

"செல்லோட பேரு எழுதியிருக்கீங்க சார். பேரு போதாது. நம்பர் வேணும்" என்றார் பதிவாளரம்மா.

"நம்பர் எங்கே கிடைக்கும்?"

"களஞ்சியத்துல."

"அதைப் பார்க்கத்தானே விண்ணப்பம்?"

"ஆமாம் சார்" என்றார் அவர். கேலியில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். எழுந்து கோப்பை எடுக்கப் போனபோது நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து 'டக்' என்றது. உட்கார்ந்தபோது மறுபடியும் 'டக்'. "இதுக்கும் விண்ணப்பம் கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நாற்காலியோட நம்பர் கேக்கறாங்க."

இடைவெளி சார் தன் விண்ணப்பத்தை நான்காக மடித்தார். கவுன்டரைச் சுற்றி வந்து குனிந்து, நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். அந்த விண்ணப்பத்தால் அந்த வாரத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பதிவாளரம்மா மெல்ல உட்கார்ந்து பார்த்தார். இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். பிறகு தன் பதிவேட்டைப் புரட்டி, ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதி நீட்டினார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எனக்கு இங்கே இருக்கற அதிகாரம் ஒண்ணே ஒண்ணுதான். பிழையைப் பார்த்தாச்சுன்னு தப்பா விழுந்த டிக்கை எடுத்துவிடறது. ஆறு வருஷத்துல ஒருதடவை கூட எடுத்ததில்லை. தப்புன்னு யாரும் வந்து சொன்னதே இல்லை."

செவ்வாய்க்கிழமை ஸ்கிரிப்ட் அனுமதி அதிகாரியைப் பார்த்தார். அவர் முன் ஸ்கிரிப்டை வைத்தார். நான்கு வரி.

அதிகாரி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"அந்த ஒரு செல்லைக் கூப்பிடறது, பிழை எங்கேன்னு கேக்கறது. அவ்வளவுதான் சார்."

"இதான் உங்ககிட்ட பிரச்சினை. எடுத்ததும் கேள்வியா? ஒரு பெரிய இடத்துக்குப் போறோம், வணக்கம் சொல்ல வேணாமா? மேல பதினஞ்சு வரிக்குக் களஞ்சியத்துக்கு நன்றி எழுதுங்க. கணினி அதைப் படிக்காது. நான் படிப்பேன்."

"எழுதறேன் சார்."

"அப்புறம், செல்லை வெளியே எடுத்துக்கிட்டு வர்ற மாதிரி ஒரு வரி இருக்கு. அது கூடாது. செல் களஞ்சியத்துக்குள்ள இருக்கற வரைக்கும்தான் செல். வெளியே வந்தா அது ஒண்ணுமே இல்லை. என்னையே எடுத்துக்குங்க. இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் நான் அதிகாரி. வெளியே தெருவுல போனா ஒரு பய வழி விடறதில்லை."

இதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "செல்கிட்ட நாலு கேள்வி கேக்கலாம். பேரு என்ன, நம்பர் என்ன, எத்தனை பிழை, அதுல எத்தனை பார்த்தாச்சு. அஞ்சாவது கேள்விக்கு இன்னும் விதி எழுதலை."

"பிழை எங்கேங்கறதுதான் சார் எனக்கு அஞ்சாவது கேள்வி."

"அதான் சொல்றேனே, எழுதலை."

நன்றி பதினைந்து வரியும் கேள்வி நான்கு வரியுமாக ஸ்கிரிப்ட் உள்ளே போனது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. பெயர்: மூலை. எண்: துண்டுத் தாளில் இருந்ததேதான். பிழை: 1. பார்த்தாச்சு: 1.

"பார்த்தாச்சா? யார் பார்த்தாங்க?" என்றார் இடைவெளி சார். தனக்கு முன்பே அக்கறையுள்ள மனிதர் ஒருவர் அங்கே வந்து போயிருக்கிறார் என்று நினைத்தபோது அவருக்கு மனது இளகியது. அவரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"யாரும் பார்க்க மாட்டாங்க. 'பார்வை'ன்னு ஒரு ஸ்கிரிப்ட் வெச்சிருக்கோம். தினம் காலையில பத்து மணிக்கு ஓடும். நாற்பத்தோராயிரம் பிழையையும் பதினோரு விநாடியில பார்த்து டிக் போட்டுட்டு வந்துடும். கண்ணே கிடையாது, ஆனா ஒண்ணு விடாது."

புதன்கிழமை களஞ்சியத் தலைவரின் அறைக்கு முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தலைவர் அன்பானவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"ஆறு வருஷமா இந்தக் கட்டடத்துல பார்க்கப்படாத பிழைன்னு ஒண்ணு கிடையாது. கூடத்துல பலகை பார்த்திருப்பீங்களே. பூஜ்யம். வெளியூர்லேர்ந்து வந்து அந்தப் பூஜ்யத்தைப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க."

"சந்தோஷம் சார். அதுல எத்தனை திருத்தினாங்க?"

"திருத்தறது வேற துறை."

"எந்தத் துறை சார்?"

"அது இன்னும் அமைக்கலை" என்றார் தலைவர் பொறுமையாக. "பாருங்க, ஏற்கெனவே பார்த்த பிழையை நீங்க மறுபடி பார்க்கணும்னு சொல்றது எங்க பார்வை மேலயே சந்தேகப்படற மாதிரி. ஆனாலும் நீங்க மூத்தவர். ஒரு வழி சொல்றேன். மூலை செல் எதுக்குள்ள இருக்கு?"

"பெருக்கி செல்லுக்குள்ள."

"அப்ப பெருக்கி செல்லோட பொறுப்பாளர் சம்மதக் கையெழுத்துப் போட்டா, விதிவிலக்கு கொடுக்கலாம். யார் பொறுப்பாளர்?"

"நான்தான் சார்."

தலைவரின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அடடா. விண்ணப்பதாரரும் சம்மதம் கொடுக்கறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதே. கூட யாருமே இல்லையா உங்களுக்கு?"

பெருக்கி செல்லைப் பற்றித்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி இடைவெளி சாரோடு படியிறங்கி, பேருந்தில் ஏறி, வீடு வரைக்கும் வந்தது. அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். பக்கத்தில் தாள்: 'சூடு பண்ணிக்கோ.' அவர் சூடு பண்ணிக்கொள்ளவில்லை. பாத்திரம் கழுவும்போது, தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டிய பதிலைக் குழாயிடம் சொன்னார். கடைசியில், "சாமி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அது எங்கே இருக்குன்னு மட்டும் காட்டிக் கொடு" என்றார். கடவுளிடம் கேட்கும்போதுதான் அனுமதிச் சீட்டு தேவைப்படுவதில்லை.

வியாழக்கிழமை மதியம் ஜன்னலோரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மறுமுனையிலிருந்து பதிவாளரம்மா எழுந்து வந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக நடுவே ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்.

"நாற்காலி ஆடவே இல்லை சார், நாலு நாளா" என்றார். பிறகு, "அந்தச் செல்லுல அப்படி என்ன சார் இருக்கு?"

அவர் சொன்னார். காது மெஷின், உஸ் சத்தம், இழுப்பறை, தாளில் எழுதிக்கொள்வது, பட்டியலில் பன்னிரண்டாவது பெயர், நாளை நாலு மணி. வாய்விட்டு ஒரு மனிதரிடம் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது.

பதிவாளரம்மா கடைசிவரை கேட்டார். "எங்க வீட்லயும் சத்தமே கிடையாது சார். ஆனா எல்லாருக்கும் காது நல்லாத்தான் கேக்குது" என்றார். டப்பாவை மூடினார். "அந்தப் பிழையை நிஜமாவே யாரும் பார்க்கலையா?"

"இல்லைங்க."

"அப்படின்னா அந்த டிக் தப்பா விழுந்ததுதானே?"

இடைவெளி சார் நிமிர்ந்து பார்த்தார். பதிவாளரம்மா அதற்குள் டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அனுப்பு விழா. கீழ்த்தளக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். கையில் ஆளுக்கொரு நிகழ்ச்சித் தாள். மேடைக்கு மேலே பெரிய பலகை. தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நமக்கெல்லாம் பழகிப்போன அந்தப் பூஜ்யத்தை இந்த வருஷமும் பெருமையோட" என்று கையை உயர்த்திக் காட்டினார். கூட்டம் கைதட்ட எடுத்த கை அப்படியே நின்றது.

பார்க்கப்படாத பிழைகள்: 1.

அதற்குப் பின் நடந்ததை ஒரு சாவு வீடு என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் உதவி அதிகாரி பலகையின் பின்னால் போய்த் தட்டிப் பார்த்தார். ஒன்று ஒன்றாகவே இருந்தது.

"பார்வை ஸ்கிரிப்டை இன்னொரு தடவை ஓட்டிடலாம் சார்" என்று ஸ்கிரிப்ட் அனுமதி அதிகாரி தலைவர் காதில் சொன்னார். ஒலிபெருக்கி அதையும் எல்லோருக்கும் சொன்னது.

"யோவ், பத்து மணிக்கு அது எல்லாத்தையும் பார்த்தாச்சுன்னு நானும் நீரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். மறுபடி ஓட்டினா, முதல் தடவை பார்க்கலைன்னு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. ஸ்கிரிப்ட் பார்க்காததை மனுஷன்தான் பார்க்கணும்."

"எந்த மனுஷன் சார்?"

இந்தக் கேள்விக்கு விதிப் புத்தகம் கொண்டுவரப்பட்டது. நாற்பது நிமிடம் புரட்டினார்கள். தகுதியுள்ள மனிதக் கண் என்று அதில் இருந்தது தலைவருடையது மட்டும்தான். எனவே சாட்சிகள் முன்னிலையில், சுவரில் திரை விரித்து, விளக்கை அணைத்து, களஞ்சியம் திறக்கப்பட்டது. எண் சொல்லப்பட்டது. மூலை செல் திரையில் எழுந்தது.

இளநீலத்தில் இரண்டு கம்பிகள், அருகருகே. அவற்றுக்கு நடுவே சிவப்பில் ஒரு கீற்று. கீழ் மூலையில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள்.

இடைவெளி சார் இருட்டில் நிகழ்ச்சித் தாளை முழங்காலில் வைத்து அந்த எண்களைப் பென்சிலால் எழுதினார். ஒருமுறை எழுதியதற்கு அடியிலேயே இன்னொரு முறையும் எழுதினார்.

மேடையில் தலைவர் அசையாமல் நின்றிருந்தார். அவசரமாகப் பார்த்துவிட்டு டிக் போட்டுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ திரைக்குப் பக்கத்தில் போய், கழுத்தை நீட்டி, அந்தச் சிவப்புக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானா?" என்றார் மெதுவாக. "பிழைன்னா இப்படித்தான் இருக்குமா? இவ்வளவு சின்னதா?"

நான்காவது மாடியில் இருந்தவர்களில் ஒருவரும் பிழையைப் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் அந்தக் கூடமே, முதல்முதலாக, ஒரு பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் அப்போது மட்டும், "இதை யாராவது சரி பண்ணுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பெரிய மனிதராகியிருப்பார். வாய் திறந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விளக்கு போட்டுவிட்டார்கள். விளக்கு வந்ததும் அவர் தலைவராகிவிட்டார்.

"பார்த்தாச்சு" என்று அறிவித்து டிக் போட்டார். பலகையில் பூஜ்யம் வந்தது. கைதட்டல் மூன்று நிமிடம் நீடித்தது.

அந்தக் கைதட்டலுக்குள் இடைவெளி சார் இரண்டாவது மாடிக்கு ஓடினார். வரைபடத்தைத் திறந்து, எண்களைக் கொடுத்து, அந்தக் கம்பியைத் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்தினார். பக்கத்துக் கம்பிகள் எதையும் அது தொடவில்லை என்று மூன்று முறை பார்த்தார். ஆறு நிமிட வேலை. பிழையைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை கையெழுத்து. சிப்பை மாற்ற அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அது வெறும் சிப்தானே.

மாலை நாலு மணிக்கு வரைபடம் ஆலைக்குப் போனது.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. "டிக்கை ஏன் எடுத்தீர்கள்?" என்று பதிவாளரம்மாவைக் கேட்டார்கள். "பார்க்காததைப் பார்த்ததா போட்டிருந்தது சார். தப்புன்னு தோணிச்சு" என்று அவர் சொன்னார். இந்தப் பதிலை என்ன செய்வது என்று குழுவுக்குத் தெரியவில்லை. தப்பான டிக்கை எடுக்கும் அதிகாரத்தை விதிப் புத்தகத்திலிருந்தே நீக்கிவிட்டு, அவரைக் கீழ்த்தளத்துத் தபால் அறைக்கு மாற்றினார்கள். குளிர்சாதனம் கிடையாது, ஜன்னலும் கிடையாது.

இடைவெளி சார் நன்றி சொல்லப் போனபோது அவர் பொட்டலங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"இங்கேயும் நாற்காலி ஆடுது சார்" என்றார் அவர். "அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்." நாற்காலியின் காலடியில் நான்காக மடித்த விண்ணப்பம் இருந்தது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இவர் தபால் அறைக்கு இறங்கிப் போனார். அதிகம் பேச்சு இருக்காது. யாரோ ஒருவர் பக்கத்தில் சாப்பிடும் சத்தம் மட்டும் இருக்கும். அதுவே போதுமானதாக இருந்தது.

எட்டு மாதம் கழித்துப் பன்னிரண்டாவது பெயரின் முறை வந்தது. அக்கா புதிய மெஷினைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். இவர் எதிரே நின்றார். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவர் தாளில் 'எப்படி இருக்கு?' என்று எழுதிக் காட்டினார். "போட்டுப் பார்த்துத்தான் சொல்லணும். எதிர்ல நின்னு முறைச்சா எப்படித் தெரியும்? போய் வேலையைப் பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் மெஷினையும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தாள். அவர் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை எடுத்துப் போட்டார். குழாயைத் திறந்தார். பழக்க தோஷத்தில் பேச்சும் திறந்துகொண்டது.

"இன்னிக்குத் தபால் ரூமுக்கு ஒரு புது நாற்காலி வந்துது. அந்த அம்மா நம்பவே இல்லை. சுத்திச் சுத்தி வந்து பார்க்கறாங்க. உட்கார்ந்தா இதுவும் ஆடுது. அப்புறம் நான் போயி…"

ஒரு தட்டு வழுக்கியது. அதைப் பிடிக்கப் போய்ப் பேச்சை விட்டுவிட்டார்.

"போயி?"

அவர் திரும்பவில்லை. தண்ணீர்தான் என்று நினைத்தார்.

"போயி என்ன பண்ணினே? பாதியில நிறுத்தினா எப்படிடா?" கூடத்திலிருந்து குரல் வந்தது. "எந்த அம்மா அது? குழாயை மூடிட்டுச் சொல்லு, தண்ணி சத்தத்துல பாதி கேக்கலை."

அவர் குழாயை மூடினார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் உஸ் இல்லை. ஈரக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தலையை மட்டும் அவர் பக்கம் லேசாகச் சாய்த்து வைத்திருந்தாள்.

"ஒன்பது வருஷமா தினம் இப்படித்தான் உள்ளே நின்னு பேசிக்கிட்டிருந்தியா?" என்றாள்.

"ஆமாக்கா."

"சரி, உட்காரு. முதல்லேர்ந்து சொல்லு."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவுக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க ஆபீஸ்ல நாலாவது மாடின்னு ஒண்ணு இருக்குக்கா" என்று ஆரம்பித்தார்.